சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சிங்பாஸைக் காப்பாற்றுங்கள்

ஊரில் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு வாசலில் நின்றபடியே ஓடிபி சொல்லிப் பழகியவர்கள் நாம். அங்கே அது சரி. இங்கே வந்த முதல் நாளே அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பெர்மிட் அட்டை, வங்கிக் கணக்கு, சிம் எல்லாவற்றையும் கம்பெனி சொல்கிற வரிசையில் முடித்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் சிங்பாஸில்தான், அதாவது இணையத்தில் நீங்கள் யார் என்று காட்டும் சிங்கப்பூர் அரசின் மின் அடையாளக் கணக்கில். அது அடுத்தவன் கையில் கிடைத்தால் உங்கள் பெயரில் புதிதாக வங்கிக் கணக்கு திறக்கலாம், போன் லைன் வாங்கலாம். அந்தக் கணக்கில் யாருடைய திருட்டுப் பணமோ வந்து போகும். போலீஸ் தேடி வருவது உங்களை.

மோசடிக்காரன் அதைப் பிடிக்கும் விதம் இரண்டு. முதலாவது, "உங்கள் வேலை அனுமதியில் பிரச்சினை, உடனே சரிபார்க்கவும்" என்று லிங்க்குடன் செய்தி வரும். திறந்தால் அச்சு அசலாக சிங்பாஸ் பக்கம். நீங்கள் அங்கே பாஸ்வேர்டைத் தட்டும்போதே அவன் உண்மையான தளத்தில் அதைப் போடுகிறான். உங்களுக்கு வரும் ஓடிபி நிஜமானது. அதனால்தான் சந்தேகம் வருவதில்லை.

இரண்டாவது இன்னும் மோசம். சர்வே நிரப்பினால் பணம் என்பான். முடிவில் சரிபார்க்க என்று வாட்ஸ்அப்பில் க்யூஆர் படம் அனுப்புவான். அந்த க்யூஆர் போலி இல்லை, ஏதோ ஓர் உண்மையான சேவையில் அவன் திறந்து வைத்திருக்கும் உள்நுழைவுப் பக்கத்தின் படம். நீங்கள் ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தால் உள்ளே போவது அவன். ஒப்புதல் திரையில் எந்தத் தளம் என்று செயலியே காட்டும். யாரும் அதைப் படிப்பதில்லை! படியுங்கள். நீங்களாகத் திறந்த தளத்தின் பெயர் அங்கே இல்லையென்றால் ரத்து செய்யுங்கள். வேறொருவர் அனுப்பிய க்யூஆரை சிங்பாஸில் ஸ்கேன் செய்ய வேண்டிய நியாயமான காரணம் எதுவுமே கிடையாது.

முகவரியைப் பார்க்கும்போது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிங்பாஸ் தளம் அங்கே 'கவ் புள்ளி எஸ்ஜி' என்றுதான் முடியும். 'சிங்பாஸ்-கவ்-எஸ்ஜி புள்ளி காம்' என்றிருந்தால் கள்ளத்தளம். 2024 ஜூலை முதல் அரசு எஸ்எம்எஸ்கள் பெரும்பாலும் 'கவ் புள்ளி எஸ்ஜி' என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. அனுப்புநர் இடத்தில் 'லைக்லி-ஸ்கேம்' என்றிருந்தால் படிக்காமலே அழிக்கலாம். வங்கிகள் 2022 முதல் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்புவதில்லை.

அழைப்பில் முன்னால் கூட்டல் குறியும் 65-உம் தெரிந்தால் அது வெளிநாட்டிலிருந்து வருவது. உள்ளூர் அழைப்புக்குக் கூட்டல் குறி வராது. எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) அதிகாரி என்று அவன் எவ்வளவு அதட்டினாலும் வைத்துவிடுங்கள். வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதி உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. வீட்டார் எப்படியும் வாட்ஸ்அப்பில்தானே கூப்பிடுகிறார்கள்!

சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799, எந்த நேரமும். விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கியின் 'கில் ஸ்விட்ச்' மூலம் கணக்கை முடக்குங்கள், அடுத்து சிங்பாஸ் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு போலீஸில் புகார். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

"சிங்பாஸை எனக்குக் கொடு, மாதம் காசு தருகிறேன்" என்று நம் ஊர்க்காரரே கேட்பதும் உண்டு. கொடுப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியாக ஒரு வேலை: பதிவு செய்து தந்த ஏஜென்ட் தன் எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டிருக்கிறாரா என்று சிங்பாஸ் செயலியில் பாருங்கள். இருந்தால் இன்றே மாற்றுங்கள். சிம் மாற்றினாலும் அப்படித்தான்: முதலில் சிங்பாஸிலும் வங்கியிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டு, அதற்குப் பிறகே பழைய சிம்மைத் தூக்கிப் போடுங்கள்.