"எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று சொல்பவரிடம் பேசுவது எப்படி?

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு ராகு தசை. அப்பாவுக்கு, கொள்ளிடத்தில் குளிக்கப் போனவன் எதையோ பார்த்துப் பயந்தது. சித்தப்பா கஞ்சா என்றார். தம்பியோ, வாய்க்கால் தகராறில் பங்காளிகள் செய்வினை வைத்து மோட்டார் கொட்டகையில் தகடு புதைத்துவிட்டதாகச் சொன்னான். இப்படி ஒரு வீட்டில் அக்காவாகவோ அண்ணனாகவோ இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நோய் வந்தவரையே கேளுங்கள். கூட்டம் கூடியிருக்கும்போது வேண்டாம்; சாப்பிட்டு முடித்துத் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம் நல்லது. "இது எதனால் வந்ததென்று நினைக்கிறாய், எப்போது தொடங்கியது, எது செய்தால் சரியாகும், மாத்திரை போட்டால் என்ன ஆகிவிடுமென்று பயப்படுகிறாய்?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாத்திரையை ஏன் துப்புகிறார் என்பது அதில்தான் தெரியவரும்.

பதில் வந்ததும் வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். தகடு இல்லையென்று காட்டக் கொட்டகையைத் தோண்டினால், "நேற்றே எடுத்துவிட்டார்கள்" என்பார். மந்திரவாதியிடம் கூட்டிப்போய்த் தகடு எடுத்தாலோ, சந்தேகம் உறுதியாகிவிடும். நான் தம்பியிடம் தகட்டைப் பற்றிப் பேசவில்லை. "ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டு விழித்திருக்கிறாயே, அது பெரிய வேதனைதான்" என்றேன். அந்தப் பயம் உண்மை. தூக்கத்துக்காக மாத்திரை போட அவன் சம்மதித்தான். செய்வினை என்ற நம்பிக்கை அப்படியே இருந்தது. இருக்கட்டும். காரணத்தில் ஒத்துப்போன பிறகுதான் சிகிச்சை என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கத் தேறுவதும் கடினமாகும்.

காப்பியில் மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள். விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுபவர் டம்ளரின் அடியில் பொடியைப் பார்த்துவிட்டால் அப்புறம் உங்களை நம்பவே மாட்டார்.

அவர் சொல்வதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருநாள் செய்வினை, மறுநாள் "படிப்பை விட்டதால்தான்" என்று மாறினால் குழம்ப வேண்டாம். ஒன்றுக்கொன்று முரணான காரணங்களை ஒரே நேரத்தில் நம்புவது சாதாரணம் என்று வேலூரில் நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. மருத்துவமும் ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வருவது பாதி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான். சிறுவயதுக் கஞ்சாவும் ஆபத்தைக் கூட்டும். வளர்ப்பு காரணமில்லை. இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், பலமுறை சொல்லுங்கள்.

மனநோய் தீர வேண்டித் தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் இருக்க விரும்பினால் போகட்டும், மாத்திரைப் பையோடு. ஆனால் சங்கிலி போடும் இடம் எதுவானாலும் அங்கே விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் இறந்த 28 பேர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. "அவன்தான் செய்தான், அவனை விடமாட்டேன்" என்று ஆளைக் குறிப்பிட்டுப் பேசினாலோ, சாகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, அரிவாளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.