சர்வதேச உறவுகள் எம்.ஏ. ஆய்வேடு: தலைப்பிலேயே தொடங்கும் கோளாறு

'இந்தியா – இலங்கை உறவுகள்: ஓர் ஆய்வு.' இப்படியொரு தலைப்போடு நெறியாளரிடம் போகாதீர்கள். இது பாடப்பகுதி, ஆய்வுக் கேள்வி அல்ல. 1948இலிருந்து வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் பக்க வரம்பு தீர்ந்துவிடும்.

கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை மீதான தீர்மானங்களை 2012லும் 2013லும் ஆதரித்த இந்தியா, 2014 மார்ச் 27 அன்று ஏன் நடுநிலை வகித்தது? இதில் ஒரு மாற்றம் இருக்கிறது. அதற்குக் காரணம் தேட முடியும்.

அடுத்த சறுக்கல், கைக்கு எட்டிய முதல் காரணத்தோடு நின்றுவிடுவது. 'தமிழ்நாட்டு அரசியல் அழுத்தம்' என்று எழுதிவிடுவார்கள். தேதிகளை அடுக்கிப் பாருங்கள். 2013 மார்ச் 19இல் தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. இரண்டே நாளில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. அதுவரை சரி. ஆனால் 2014இல் மக்களவைத் தேர்தல் வாசலில் நின்றது. அழுத்தம்தான் காரணம் என்றால் அப்போதும் ஆதரித்திருக்க வேண்டும். சரி, சீனா? சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இலேயே திறந்தாகிவிட்டது. மூன்று ஆண்டுகளும் இருந்த ஒன்று, மூன்றாவது ஆண்டில் மட்டும் வந்த மாற்றத்தைத் தனியாக விளக்காது. மூன்று தீர்மானங்களின் வாசகங்களையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். 2012 தீர்மானம், போருக்குப் பின் இலங்கை தானே அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றச் சொன்னது. 2014 தீர்மானம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரணை நடத்தக் கேட்டது. இந்தியா அன்று அளித்த விளக்கம், இறையாண்மையில் தலையிடும் இந்த அணுகுமுறையைத்தான் குறை சொன்னது. அந்த விளக்கத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது அரசு வெளியே சொன்ன காரணம்.

கோட்பாட்டை இரண்டாம் அத்தியாயத்தில் இருபது பக்கம் எழுதிவிட்டு, பிறகு அந்தப் பக்கமே திரும்பாதவர்கள் ஏராளம். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் 'இது சரியென்றால் ஆவணத்தில் எது தென்பட வேண்டும்? எது தென்படக் கூடாது?' என்று இரண்டே வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தக் கோட்பாட்டை விட்டுவிடலாம். மேலே சொன்ன கேள்விக்கு, ஓர் அரசு ஒரே நேரத்தில் பேரம் பேசும் உள்நாட்டு மேசையையும் வெளிநாட்டு மேசையையும் சேர்த்துப் பார்க்கும் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னமின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரை உதவும். 'டெல்லி நினைத்தது' என்று எழுதும் பழக்கத்தையும் அது குறைக்கும். வெளியுறவு அமைச்சகம், பிரதமர் அலுவலகம், கூட்டணிக் கட்சிகள் எல்லாம் ஒரே தலையால் யோசிப்பதில்லை.

வாக்கு எண்ணிக்கையைச் செய்தித்தாளிலிருந்து எடுக்காதீர்கள். ஐ.நா. மின்நூலகத்தில் நாடுவாரியான பதிவு இலவசமாகவே கிடைக்கிறது. உக்ரைன் குறித்த 2022 மார்ச் 2 பொதுச்சபைத் தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35. மீதி 12 நாடுகள் வாக்கெடுப்பில் பங்கேற்கவே இல்லை. இந்த 35ஐயும் 12ஐயும் கூட்டி '47 நாடுகள் நடுநிலை' என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே சிவப்பு மையைத் திறப்பார்.

ஓய்வுபெற்ற தூதர்களின் பேட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தைப் படிக்காமல் போனால் அவர்கள் ஏற்கெனவே பல மேடைகளில் சொன்னதையே சொல்லி அனுப்பிவிடுவார்கள். பல பல்கலைக்கழகங்களில் பேட்டி எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் பேட்டி பிறகு என்றாலும் விண்ணப்பத்தை முதலிலேயே போட்டுவிடுங்கள்.