ஏர்லைன்களை எடைபோடும்போது விமானப் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலைப் பார்த்தே என்ன மாடல், என்ன இன்ஜின் என்று சொல்லிவிடுகிற ஆட்கள்கூட, அந்தக் கம்பெனி தேறுமா தேறாதா என்று பேச ஆரம்பித்தால் பல நேரம் கோட்டை விட்டுவிடுகிறார்கள். விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, கணக்குப் புத்தகம் தெரிவதில்லை, அதுதான் சிக்கல்.

அடிக்கடி கேட்கிற வசனம்: "ஃப்ளைட் எப்பவும் ஃபுல்லாத்தானே போகுது, அப்புறம் எப்படி நஷ்டம்?" 180 சீட் விமானம், ஒரு ட்ரிப்புக்கு 10,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். எல்லா சீட்டையும் 50 டாலருக்கு விற்றால் 9,000 வரும், ஒரு சீட் காலியில்லாமல் பறந்தும் ஆயிரம் டாலர் கையை விட்டுப் போகும். அதே விமானத்தில் 120 பேர் தலைக்கு 90 டாலர் கொடுத்து ஏறினால் 10,800, மூன்றில் ஒரு பங்கு சீட் சும்மா கிடந்தும் லாபம். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதோடு என்ன விலைக்கு ஏறினார்கள் என்றும் கேட்காவிட்டால் இந்தப் பேச்சே வீண். அதோடு காலடியில் கார்கோ வேறு போகிறது. மேலே பாதி காலியாகத் தெரிகிற நீண்டதூர ரூட்டைக் கீழே இருக்கிற சரக்கு காப்பாற்றுவதும் உண்டு. லண்டன் ஹீத்ரோ மாதிரி நெரிசலான விமான நிலையங்களில் ஒதுக்கப்பட்ட நேரங்களில் 80 சதவீதத்தையாவது பயன்படுத்தாவிட்டால் அடுத்த சீசனில் அந்த ஸ்லாட் கைமாறிவிடும், அதற்காகவே ஆள் குறைந்தாலும் ஓட்டுவார்கள். மொத்தத்தில் மெல்லிய லாபம் உள்ள தொழில் இது. நல்ல வருடங்களிலேயே ஒரு பயணிக்கு நிகர லாபம் 10 டாலரைத் தொடுவதில்லை என்றுதான் உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் சமீபக் கணக்குகள் சொல்கின்றன.

சேவை நன்றாக இருந்தால் கம்பெனியும் நன்றாக இருக்கும் என்று நினைப்பது இதற்கு உடன்பிறப்பு. கிங்ஃபிஷரை இன்றும் ஏங்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், சாப்பாடு, உபசரிப்பு எல்லாம் பிரமாதம்தான். 2005-ல் பறக்க ஆரம்பித்து 2012-ல் நின்றது, நடுவில் ஒரு வருடம்கூட லாபம் பார்க்கவில்லை.

ஏர்பஸின் இரண்டடுக்கு ராட்சத விமானமான ஏ380 விஷயத்தில் உணர்ச்சி இன்னும் அதிகம். 2007-ல் சேவைக்கு வந்து, 2021 டிசம்பரில் கடைசி விமானம் கைமாறியபோது மொத்தம் 251 டெலிவரி, அதில் 123 எமிரேட்ஸ் ஒருவரிடமே. "ஏர்லைன்களுக்குத் துணிச்சல் இல்லை" என்று புலம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நான்கு இன்ஜினுக்குத் தீனி போட்டு, ஐந்நூறு சீட்டை நல்ல விலைக்கு விற்பதை விடுமுறைக் காலத்தில் மட்டுமல்ல, ஆள் வராத செவ்வாய்க்கிழமையிலும் செய்தாக வேண்டும். போயிங்கின் இரண்டு இன்ஜின் விமானங்களான 777-உம் 787-உம் குறைந்த ரிஸ்க்கில் அந்த வேலையைப் பார்த்துவிட்டன. அப்புறம் கொரோனாவுக்குப் பிறகு லுஃப்தான்சா, எத்திஹாட் எல்லாம் ஓரம்கட்டியதைத் திரும்ப எடுத்தபோது, "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே" என்று இன்னொரு ஆட்டம். கூட்டம் வேகமாகத் திரும்பியது, 2020-லேயே வரவேண்டிய போயிங்கின் புதிய பெரிய விமானம் 777எக்ஸ் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது, கையில் இருந்ததை ஓட்டினார்கள், அவ்வளவுதான். அதற்காக யாரும் புதிதாக ஏ380 செய்து தரச் சொல்லி வரிசையில் நிற்கவில்லை.

சீட் வசதிக்கு விமானத்தைத் திட்டுவதும் பாராட்டுவதும் வேண்டாம். 787-ல் எக்கானமி வரிசைக்கு 8 சீட்டும் போடலாம், 9-உம் போடலாம். பெரும்பாலோர் 9 போட்டு நெருக்கிவிட்டார்கள், ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேச விமானங்களில் 8 வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே விமானம்தான், தோள்பட்டைக்குத்தான் வித்தியாசம் தெரியும். டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியது சீட் மேப்பை.

பெரிய ஆர்டர் செய்தி வந்த நாளில் நம் ஆட்கள் ஆடுகிற ஆட்டம் தனி. 2023 ஜூனில் பாரிஸில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததும், "இவ்வளவு விமானத்தை எங்கே நிறுத்துவார்கள்?" என்ற கேள்வி பறந்தது. அவை வரத் திட்டமிட்டிருப்பது 2030-க்கும் 2035-க்கும் இடையில். அதற்குள் பழையவை போகும், லீஸ் முடிந்தவை திரும்பும், சில தேதிகள் தள்ளிப்போகும். ஆர்டர் என்பது பெரும்பாலும் தயாரிப்பு வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. முழுப் பணமும் அன்றே போய்விடாது. விமானம் வந்து சேரும்போது அதை லீஸ் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற ஏற்பாடும் சகஜம், ஆகவே "சொந்தமாக இத்தனை விமானம்" என்ற பெருமையையும் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓரமாக நிற்கிற விமானங்களை எண்ணி "முடிந்தது கதை" என்று எழுதுவதும் அவசரம். 2023-ல் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களில் உலோகத்தூள் மாசு வெளியே வந்தபோது, நன்றாக நடந்துகொண்டிருந்த கம்பெனிகளும் அந்த இன்ஜின் பூட்டிய ஏர்பஸ் ஏ320நியோ விமானங்களை இன்ஜின் இல்லாமல் நிறுத்திவைத்தன. இன்ஜின் பிரச்சினையைக் காரணம் சொல்லி இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் அதே வருடம் மே மாதம் நின்றுபோனது, ஆனால் அதே இன்ஜின் தொல்லையோடு இண்டிகோ லாபம் காட்டியது. யாருடைய கையில் ரொக்கம் இருக்கிறது என்பதை ரன்வே ஓரத்திலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் "பழசு என்றால் ஆபத்து" என்பார்கள். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் ஒன்றில் நடுவானில் கதவடைப்புப் பலகை பிய்த்துக்கொண்டு போனதே, அந்த விமானம் டெலிவரியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வயது கூடக்கூட எரிபொருளும் பராமரிப்புச் செலவும் ஏறும், சரி, ஆனால் ஒழுங்காகப் பராமரித்தால் இருபது வயது விமானம் ஒன்றும் பூதமில்லை. பறக்கிற விமானங்களைக் காட்டும் டிராக்கர் ஆப்பில் 7700 என்ற எண்ணைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது பொதுவான அவசரக் குறியீடு, பயணிக்கு நெஞ்சுவலி என்று அவசரமாக இறங்கும்போதும் அதைப் போடலாம். இறங்க வந்து மறுபடி மேலேறினால் அது கோ-அரவுண்ட், பைலட்டுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிற சாதாரணக் காரியம்.

கடைசியாக, காலாண்டு முடிவுகள். கோடை விடுமுறை மூன்று மாதத்தைக் குளிர்கால மூன்று மாதத்தோடு வைத்து "லாபம் எகிறியது" என்று எழுதுவது வேலைக்காகாது, போன வருடத்தின் அதே காலாண்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். கூடவே, அந்த லாபத்தில் எவ்வளவு பறந்து சம்பாதித்தது, எவ்வளவு விமானத்தை விற்றதில் வந்தது, எவ்வளவு மைல்ஸ் பாயிண்டுகளை (அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் சலுகைப் புள்ளிகள்) வங்கிகளுக்கு விற்றதில் வந்தது என்றும் பிரித்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோதும், 2020-ல் அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் ஸ்கைமைல்ஸ் என்ற தன் பாயிண்ட் திட்டத்தை அடமானம் வைத்தே 900 கோடி டாலர் கடன் திரட்டியது.