ஆசானோடு கடலுக்குப் போகும்போது: தூண்டில் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் தூண்டில் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த இடத்துல நல்லா கடிக்கும்?" ஆசான் ஒரு பாறையைக் காட்டுவார். அன்று அங்கே மீனும் கடிக்கும். அடுத்த வாரம் அதே பாறைக்குத் தனியாகப் போனால் நாள் முழுக்க ஒரு அசைவும் இருக்காது. இடத்தைக் கேட்டு வாங்கியவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. "இன்னைக்கு ஏன் இங்க வந்தோம்?" என்று கேட்டிருந்தால், நீரோட்டம் பாறையின் எந்தப் பக்கம் மோதுகிறது, சின்ன மீன் எங்கே ஒதுங்குகிறது, பாரையும் சீலாவும் எந்த முனையில் காத்திருக்கும் என்று அவர் சொல்லியிருப்பார். அந்தப் பதில் வேறு நூறு பாறைகளுக்கும் உதவும்.

இதோடு ஒட்டியே வரும் தவறு, கடிகார நேரத்தை மனப்பாடம் செய்வது. "போன ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் கடிச்சுது" என்று குறித்து வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் ஏழு மணிக்கே போய் நிற்பார்கள். பெரும்பாலான கரைகளில் கடல்நீரின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் ஆறு மணி நேரம் நகர்ந்துவிடும். போன ஞாயிறு ஏழு மணிக்குத் தண்ணீர் நிறைந்து நின்றது என்றால், இந்த ஞாயிறு ஏழு மணிக்கு வற்றிக் கிடக்கும். போன வாரம் பௌர்ணமியாக இருந்திருந்தால் நீரோட்டத்தின் வேகமும் இந்த வாரம் குறைந்திருக்கும். குறிப்பேட்டில் மணியை எழுதுவது தவறில்லை. அதன் பக்கத்திலேயே ஏற்றமா வற்றமா, தண்ணீர் திரும்பி எத்தனை மணி நேரம் ஆயிற்று, நிலா எந்த நிலையில், காற்று எந்தத் திசையில், தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதையும் எழுத வேண்டும். மீன் கிடைக்காத நாளுக்கும் அதே அக்கறையோடு எழுதுங்கள். ஆசானின் தலைக்குள் இருபது வருடக் குறிப்பேடு இருக்கிறது. அதைக் கடனாக வாங்க முடியாது, நம்முடையதை நாமே தொடங்க வேண்டும்.

கருவி வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கைந்து பயணம் முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். ஆசானின் பழைய ராடை, அதாவது தூண்டில் கோலை, கேட்டு வாங்கிப் பிடியுங்கள். ஜிக்கிங் (கனமான போலி இரையை ஆழத்தில் ஏற்றி இறக்குவது) உங்களுக்குப் பிடிக்குமா, பாப்பர் (தண்ணீர் மேலே சத்தமிட்டு வரும் போலி இரை) வீசப் பிடிக்குமா, இரை போட்டுக் காத்திருப்பது பிடிக்குமா என்று உங்கள் தோள்தான் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் வேறு ராடு, வேறு ரீல் (நரம்பு எனப்படும் தூண்டில் கயிற்றைச் சுற்றும் கருவி). முதலில் வாங்கிவிட்டால், அந்தக் கருவிக்கு ஏற்ற மீன்பிடிப்பை மட்டுமே செய்யும் கட்டாயம் வந்துவிடும்.

டிராக் விஷயத்தில்தான் கற்பவர்கள் அதிகம் இழக்கிறார்கள். மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்பதை முடிவு செய்யும் பிடிதான் டிராக். பெரிய மீன் ஓடுகிறது, ரீல் கத்துகிறது, கை தானாகவே டிராக்கை இறுக்கப் போகிறது. நரம்பு அறுகிறது. "மீன் பெருசு, அதான் அறுத்துட்டு போயிடுச்சு" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பெரும்பாலும் அறுத்தது நம் கைதான்.

கணக்கு எளிது. 15 கிலோ தாங்கும் நரம்பு என்றால், அதில் 25 முதல் 30 சதவீதம், அதாவது நாலு கிலோ சுமாருக்கு டிராக் வைப்பது வழக்கம். மீதி முழுக்கச் சும்மா கிடக்கும் பலம் இல்லை. மீன் ஓட ஓட ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு குறைகிறது, சுற்றின் விட்டம் சிறுக்கிறது. விட்டம் பாதியானால், டிராக் குமிழைத் தொடாமலேயே டிராக் இரண்டு மடங்காகும். நாலு கிலோ எட்டு கிலோ ஆகிவிடும். அதோடு தண்ணீருக்குள் வில்லாக வளைந்து கிடக்கும் நீளமான நரம்பைத் தண்ணீரே இழுக்கும். சரியாகக் கட்டாத முடிச்சு நரம்பின் பலத்தில் பாதியைக்கூடத் தின்றுவிடும். இத்தனையும் சேர்ந்த நேரத்தில் நாம் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம். மீன் தூரமாக ஓடிவிட்டால் டிராக்கைச் சற்றுத் தளர்த்துவதுதான் முறை. இது புத்திக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரிவதற்கு நாளாகும்.

ஆகவே, கரையிலேயே ஒரு தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி, ராடை வளைத்து இழுத்து, நாலு கிலோ என்பது கையில் எப்படி இருக்கும் என்று பழகுங்கள். விரலால் நரம்பை இழுத்துப் பார்த்து "போதும்" என்று ஆசான் சொல்வதைப் பார்த்து நாமும் விரலால் இழுத்துப் பார்ப்போம். அவர் விரலுக்குள் ஒரு தராசு இருக்கிறது, நம் விரலுக்குள் இன்னும் இல்லை.

ஸ்பின்னிங் ரீல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓர் அங்குலம்கூட உள்ளே வராது. நரம்பு முறுக்கேறும், அவ்வளவுதான். ஆறுக்கு ஒன்று விகிதத்தில் ஓடும் ரீலில் ஒரு சுற்றுக்கு ஆறு முறுக்கு. அடுத்த தடவை வீசும்போது நரம்பு கொத்தாகச் சிக்கி வெளியே வருவதற்கு இதுதான் காரணம். அது ஓடினால் விடுங்கள், நின்றால் ராடைத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். தூக்குவது என்றால் தலைக்கு மேலே அல்ல. படகின் ஓரத்தில் மீன் நேர் கீழே நிற்கும்போது ராடை நட்டுக்குத்தாக நிமிர்த்தினால் சுமை முழுதும் மெல்லிய நுனிக்குப் போய், அங்கே முறியும். மயில் மீன் (செயில்ஃபிஷ்) துள்ளும்போது மட்டும் நுனியைச் சட்டென்று அதன் பக்கம் தாழ்த்திக் கொடுக்க வேண்டும். அந்தரத்தில் தலையை உதறும் மீனுக்கு இறுகிய நரம்பைக் கொடுத்தால் தூண்டில் முள் தெறித்துவிடும்.

மீன் கனமாக இருக்கிறது என்று ராடை ஆசானிடம் நீட்டுவதும் ஒரு பழக்கம். வேறு ஒருவர் ராடையோ ரீலையோ தொட்டுவிட்டால், 1939-இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷனின் விதிப்படி அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. சாதனையில் நமக்கு ஆசை இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அந்த விதியில் ஒரு பாடம் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கற்பதற்கு அதிகம் உண்டு. அதை அவர் கைக்குக் கொடுத்துவிட்டால் மீன் படகுக்கு வரும், பாடம் வராது. நல்ல ஆசான்கள் அந்த நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்வார்கள்.

வட்ட முள்ளை (சர்க்கிள் ஹூக்) போட்டுவிட்டு, கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுப்பது மிகப் பரவலான தவறு. அதன் கூர் உள்நோக்கி வளைந்திருப்பதே மீன் விழுங்கித் திரும்பும்போது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டுவதற்காக. வெடுக்கென்று இழுத்தால் மாட்டுவதற்கு முன்பே வாயைவிட்டு வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை நிதானமாகச் சுற்றினால் போதும். சாதாரண முள்ளில் பழகிய கைக்கு இந்தப் பொறுமை எளிதில் வராது. எனக்கும் ஒரு பருவம் முழுக்க வரவில்லை.

ஆசானே தண்ணீரில் விழுந்தால்?

இந்தக் கேள்வியை முதல் பயணத்தில் யாரும் கேட்பதில்லை. சின்னப் படகு, இரண்டே பேர். ஒருவருக்கு எல்லாம் தெரியும், மற்றவருக்கு எதுவும் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் தடுமாறிக் கடலில் விழுகிறார். இன்ஜினை எப்படி நிறுத்துவது? ரேடியோ எங்கே இருக்கிறது? அனுபவசாலியோடு போகிறோம் என்ற தைரியத்தில் அந்த அனுபவசாலியின் உயிரையே நாம் ஆபத்தில் வைக்கிறோம்.

நானும் அப்படிப் பல பயணங்கள் போயிருக்கிறேன். ஒரு நாள் ஆசான்தான், கரையைவிட்டுக் கிளம்பும் முன்பே சாவியை என் கையில் கொடுத்து, "நான் இப்ப கடல்ல விழுந்துட்டேன். என்ன செய்வே?" என்று கேட்டார். எனக்குக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவரக்கூடத் தெரியவில்லை. அன்றைக்குத் தூண்டிலைத் தொடவே இல்லை, முழு நாளும் படகு ஓட்டினோம். என் வாழ்க்கையில் மிகப் பயனுள்ள மீன்பிடிப் பயணம் அதுதான்.

ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு எங்கே, அதை ஓட்டுபவர் உடம்பில் எப்படி மாட்டுவது, மிதவை அங்கி எங்கே, விஹெச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலுக்கு எப்படிப் போவது, படகு நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் திரையில் எப்படிப் படிப்பது. கிளம்பும் முன்பே இவற்றைக் கேட்டு, சொன்னதைக் கையால் செய்தும் பாருங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் மிதக்கக்கூடிய எதையாவது உடனே வீசுங்கள். அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காதீர்கள், அலைக்குள் ஒரு தலை சில நொடிகளில் மறைந்துவிடும். மெதுவாக நெருங்கி, பக்கத்தில் போனதும் கியரை நடுநிலையில் வைத்து, இன்ஜினை நிறுத்துங்கள்.

லீடரை, அதாவது முள்ளை ஒட்டிக் கட்டும் தடித்த நரம்பை, கையில் வளையமாகச் சுற்றிக்கொண்டு மீனை இழுக்காதீர்கள். மீன் மறுபடி பாய்ந்தால் அந்த வளையத்திலிருந்து கையை உருவ முடியாது, மீனோடு ஆளும் போவார். அனுபவசாலிகள் கையுறை போட்டு, விட நினைத்த நொடியில் விடக்கூடிய முறையில் சுற்றுவார்கள். பார்த்து அப்படியே செய்வது ஆபத்து, அவர் பக்கத்தில் நின்று கற்பிக்கும்வரை லீடரைத் தொடாமல் இருப்பதே நல்லது. மெல்லிய இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பை வெறும் விரலால் பிடித்து நிறுத்துவதும் அப்படித்தான், கத்தியைப் போல அறுக்கும். முள் கொத்து உள்ள லூரை (போலி இரையை) வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

கடல் குமட்டல் வந்தால் மறைக்காதீர்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு வெகு முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேளுங்கள், பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். குனிந்து முடிச்சுப் போடுவதும் போனைப் பார்ப்பதும் குமட்டலைக் கூட்டும். படகின் முன்பக்கமான அணியத்தில் ஆட்டம் அதிகம், படகின் நடுவுக்கோ பின்பக்கமான கடையாலுக்கோ வந்து தொடுவானத்தைப் பாருங்கள். ஆசான் காற்றைப் பார்த்து "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வாதாடவும் வேண்டாம். விடுப்பு எடுத்துவிட்டேன், தூரத்திலிருந்து வந்தேன் என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது.

அப்படியென்றால் அவர் சொல்வதெல்லாம் சரியா? இல்லை. ஆசானை மறுத்துப் பேசவே கூடாது என்று நினைப்பதும் தவறுதான். மீனைத் திரும்ப விடும் முறையில் மூத்தவர்கள் பலரிடம் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆழத்திலிருந்து ஏறிய களவா மீனின் வாய்வழியே பிதுங்கி வரும் பையை ஊசியால் குத்திவிட்டுக் கடலில் விடுவார்கள், அது காற்றுப்பை என்று நினைத்து. உண்மையில் அது வயிறு. உள்ளே விரிந்த காற்றுப்பை வயிற்றை வெளியே தள்ளியிருக்கிறது. வயிற்றைக் குத்தினால் மீனுக்குக் காயம்தான் மிச்சம். எடை கட்டிய கருவியால் அதை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிட்டால், அழுத்தத்தில் காற்று சுருங்கி மீன் தானாக நீந்திப் போகும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டுப் படம் எடுப்பதும் அதன் உள்ளுறுப்புகளுக்குக் கேடு. ஈரக் கையால், வயிற்றுக்கு அடியில் தாங்கி, கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் படகில், மீன் மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் விவாதிக்காதீர்கள். கரைக்கு வந்த பிறகு, "இப்படியும் ஒரு முறை இருக்கு, அடுத்த தடவை செஞ்சு பாக்கலாமா?" என்று கேளுங்கள். கடலை உண்மையாகவே நேசிக்கும் ஆள் அதைக் காதில் வாங்குவார்.

அவர் காட்டிய இடத்தை அவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீனோடு நின்று எடுத்த படத்தின் பின்னணியில் கலங்கரை விளக்கமோ குன்றோ தெரிந்தால், விவரம் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். கடல் மட்டும் தெரியும் பக்கமாகத் திரும்பி நின்று படம் எடுங்கள்.

படகு கரையைத் தொட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ரீல்களைக் கழுவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டிராக்கை இறுக்கி, வேகமாகப் பீய்ச்சாமல் மெல்லிய நல்ல தண்ணீரில் உப்பை அலச வேண்டும், பீய்ச்சினால் உப்பு ரீலுக்குள்ளேயே போகும். துடைத்துக் காயவைத்த பிறகு டிராக்கை முழுதாகத் தளர்த்தி வைக்க வேண்டும். லீடரை விரலிடுக்கில் ஓடவிட்டு, சொரசொரப்பு தட்டும் இடத்தில் வெட்டுங்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் ஆசான் அன்றைய நாளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்: எந்த அலையில் பறவைகள் இறங்கின, நீங்கள் எந்த நொடியில் நரம்பைத் தளரவிட்டீர்கள், காலையில் ஏன் முதல் பாறையைவிட்டு நகர்ந்தோம். குறிப்பேட்டை அப்போது கையில் வைத்திருங்கள்.