போட்டிக்கு மியூசிக் வீடியோ: பாட்டை முடித்துவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்

பின்னணியில் பாட்டு ஓடுவதால் மட்டும் ஒரு படம் மியூசிக் வீடியோ ஆகிவிடாது. பாட்டு முதலில் பிறந்து, அதன் நீளத்துக்கும் தாளத்துக்கும் சொல்லுக்கும் காட்சி கட்டுப்பட்டிருக்க வேண்டும். அமெச்சூர் போட்டிக்கு அனுப்பும் முன் உங்கள் படத்தை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: இந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறு பாட்டைப் போட்டால் படம் கெடுமா? கெடாது என்றால் அது வெறும் சுற்றுலாக் காட்சிகளின் தொகுப்பு. வேறு பிரிவுக்கு அனுப்புங்கள்.

முதல் வேலை உரிமை. சலிப்பான வேலைதான், ஆனால் இதைக் கடைசிக்குத் தள்ளினால் எடுத்த படமே வீணாகலாம். ஒரு பாட்டில் வரியும் மெட்டும் ஒரு பக்கம், பதிவான ஒலி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனி உரிமை. சினிமாப் பாட்டை நீங்களே பாடிப் பதிவு செய்தால் ஒலிப்பதிவு மட்டும்தான் உங்களுடையது. வரியும் மெட்டும் இன்னொருவர் சொத்தாகவே இருக்கின்றன. 'கவர் வெர்ஷன்தானே' என்ற சமாதானம் எடுபடாது.

இந்தியச் சட்டப்படி எழுதியவரும் மெட்டமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர்கள் படைப்பு பொதுவாகும். தியாகராஜர் 1847இல் மறைந்தார், பாரதி 1921இல். அவர்கள் எழுதியதைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் பாரதி வரிக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. அதை இன்னொருவர் பாடி வெளியிட்ட பதிவுக்கும் தனி உரிமை உண்டு. பாரதி வரிக்குச் சொந்தமாக மெட்டுப் போட்டுக்கொள்வதுதான் வம்பில்லாத வழி. கிரியேட்டிவ் காமன்ஸ் இசை (படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் அனுமதி தந்த இசை) எடுத்தால் உரிமத்தில் 'என்டி' (ND, மாற்றியமைக்கக் கூடாது) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள். இசையைப் படத்தின் ஓட்டத்தோடு பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றியமைத்தலாகக் கணக்கிடுகிறது.

இசையமைப்பாளர் நெருங்கிய நண்பரே ஆனாலும் கடிதம் வாங்குங்கள். பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவின் உரிமையாளர், எதற்கெல்லாம் அனுமதி, கையெழுத்து, தேதி. 'போட்டிக்கு மட்டும்' என்று எழுதி வாங்கினால், பரிசு பெற்ற படத்தை விழாக்குழு யூடியூபில் ஏற்றக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். திரையிடலையும் இணையத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது பாட்டின் கோப்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (.wav) கோப்பாக வாங்குங்கள். இறுதி மிக்ஸ் பிறகு வரலாம். நீளமும் டெம்போவும் (பாட்டின் வேகம்) மாறவே கூடாது. இடையிசையில் இரண்டு 'பார்' (தாளத்தின் ஒரு சுற்று) குறைத்துவிட்டால் அதற்குப் பின் எடுத்த உதட்டசைவெல்லாம் இடம் மாறிவிடும். படப்பிடிப்பில் ஓட்டும் பிரதியில், பாட்டுக்கு முன் அதே டெம்போவில் நான்கு 'டிக்' ஒலி சேருங்கள். நடிப்பவருக்கு எடுப்பு கிடைக்கும், எடிட்டருக்கு அடையாளம் கிடைக்கும்.

பிறகு ஒரு தாளில் பாட்டைப் பிரியுங்கள்: பல்லவி, இடையிசை, முதல் சரணம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம், வரி, இடம், உடை, ஷாட். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) பாட்டில் ஓர் அடி 0.6 நொடி, நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் சரியாக 15 ஃப்ரேம். நான்கடி கொண்ட ஒரு பார் 2.4 நொடி. 3 நிமிடம் 20 நொடிப் பாட்டில் ஏறத்தாழ 83 பார் இருக்கும். எத்தனை ஷாட் தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். 'நிலா' என்று பாடும்போது நிலாவைக் காட்டும் பழக்கத்தை இந்தத் தாளிலேயே அடித்துவிடுங்கள். பெரும்பாலும் படம் தொய்வது இரண்டாம் சரணத்தில்தான். புதிய இடமோ புதிய ஆளோ புதிய தகவலோ ஒன்றை அதற்கென்று எடுத்து வையுங்கள்.

படப்பிடிப்பில் கேமராவின் மைக் எப்போதும் ஓடட்டும். அந்த ஒலியை வைத்துத்தான் எடிட்டில் பொருத்தப்போகிறோம். ஸ்பீக்கர் நடிப்பவர் பக்கத்திலும் கேமரா தொலைவிலும் இருந்தால் ஒரு சிக்கல் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 28 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் கேமராவில் பதியும் பாட்டு இரண்டு ஃப்ரேம் பிந்தியிருக்கும். மென்பொருள் தானாகப் பொருத்தியதை அப்படியே நம்பாமல், அந்த ஷாட்டின் படம் மட்டும் இரண்டு ஃப்ரேம் தாமதமாக வரும்படி தள்ளுங்கள்.

நடிப்பவர் வாய்விட்டே பாட வேண்டும். உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்தும் மூச்சும் அசையாது. குளோசப்பில் அது உடனே தெரியும். முதலில் முழுப் பாட்டையும் ஒரே வைட் ஷாட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பகுதி பகுதியாகக் குளோசப். ஒவ்வொன்றையும் தேவைப்படும் வரிக்கு இரண்டு வரி முன்பே தொடங்குங்கள்.

ஸ்லோமோஷனில் உதட்டசைவு வேண்டுமானால் 50 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்ட வேண்டும். அப்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். அந்த வேகப் பிரதியை வீட்டிலேயே தயார் செய்து, முந்தைய நாளே நடிப்பவருக்கு அனுப்புங்கள். சொற்கள் நெருக்கமாக விழும் வரிகளை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில கேமராக்களில் ஸ்லோமோஷன் முறைக்கு மாறினால் ஒலியே பதியாது. அப்படியானால் நான்காவது 'டிக்'கில் ஃப்ரேமுக்குள் ஒருவர் கை தட்டட்டும்.

வெளிச்சம்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேம், 1/50 நொடி ஷட்டர் என்று வைத்தால் டியூப் லைட்டும் பெரும்பாலான எல்இடியும் அமைதியாக இருக்கும். 30 ஃப்ரேம், 1/60 என்று விட்டுவிட்டால் திரையில் பட்டைகள் ஓடும். எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. 50 ஃப்ரேமுக்கு 1/100.

செல்போனில் எடுத்தால் இன்னொரு வேலை உண்டு. ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கியே பதிவாவதால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு போகப் போக நழுவும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' (மாறாத ஃப்ரேம் வேகம்) தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் பாட்டைப் போட்டு அந்த டிராக்கைப் பூட்டிவிடுங்கள். உதட்டசைவைச் சரிபார்க்க 'ப', 'ம' வரும் சொற்களைத் தேடுங்கள்; அந்த எழுத்தில் இரண்டு உதடும் ஒட்டியாக வேண்டும். ஒவ்வோர் அடியிலும் வெட்டினால் அரை நிமிடத்தில் கண் சலித்துவிடும். அடியில்தான் வெட்டுவது என்றால் ஒன்றிரண்டு ஃப்ரேம் முந்தி வெட்டுங்கள், கூர்மையாக விழும். கடைசியில் கேமரா ஒலி எல்லாவற்றையும் மௌனமாக்க மறக்காதீர்கள்.

தமிழ் தெரியாத நடுவர் இருந்தால் ஆங்கில சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்து அனுப்புங்கள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நேர வரம்பில் டைட்டிலும் சேருமா, படத்தில் எடுத்தவர் பெயர் வரலாமா என்பதை விதிகளில் பாருங்கள்.

விதியில் வேறு கேட்டிராவிட்டால் 1920×1080, 25 ஃப்ரேம், எச்.264 எம்பி4, நொடிக்கு 20 மெகாபிட் போதும். 4 நிமிடப் படம் சுமார் 600 மெகாபைட் வரும். ஒலியின் உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. பாட்டின் கடைசி ரீங்காரம் அடங்கிய பின் இரண்டு நொடி கறுப்பு விடுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதியை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏற்றிய கோப்பை மறுபடி இறக்கி, டிவியில் கடைசி 30 நொடியை ஓட்டி உதட்டைக் கவனியுங்கள். நழுவல் இருந்தால் அங்கேதான் அதிகம் தெரியும்.