பழைய டீசல் பக்கி வாங்கும்போது இதைச் செய்யாதீர்கள்

போன மாதம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தம்பி பக்கி (பின்னால் பாரம் ஏற்றும் பிக்கப் வண்டி) பார்க்க என்னையும் கூட்டிப் போனான். கல்யாணப் பந்தல் சாமானும் அண்டாக்களும் ஏற்றிய டிரெய்லரை இழுக்கணும். "சாவி திருப்பின உடனே ஸ்டார்ட் ஆச்சு, பாத்தீங்களாண்ணா!" என்று பூரித்தான். பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். நான் ஏமாந்ததும் இப்படித்தான்.

துருவும் டயரும் எல்லாரும் பார்ப்பதுதான். அதை விடுகிறேன்.

சூடான இன்ஜினை நம்புவது

காமன்ரெயில் டீசலில் (இக்கால உயரழுத்த டீசல் இன்ஜினில்) எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் ஒரு செம்பு வாஷர் உண்டு. அது கசிந்தால், சில இன்ஜின்களில் எரிந்த வாயு மேல்மூடிக்குள் ஏறி ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி, ஆயில் பம்ப்பின் வாயிலுள்ள வலையை அடைக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் நிறைந்தே காட்டும். பேரிங்குக்கோ ஆயில் போகாது.

என் வண்டி சமதரையில் ஒரு குறையும் காட்டவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் என்ற மேட்டில் பாரத்தோடு ஏறும்போது ஆயில் விளக்கு மினுக்கியது. நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தேன், நிறைந்திருந்தது. சென்சார் கோளாறு என்று ஏறினேன். ஹில்டன் வருவதற்குள் இன்ஜின் அடித்துக்கொண்டது. சம்ப்பைக் கழற்றினால், தோசைக்கல் ஓரத்தில் கருகிப் பிடித்த எண்ணெய்போல வலை முழுக்கக் கரி. நகத்தால் சுரண்டினேன், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நாணயம் அளவுகூட இல்லாத வாஷருக்காக முழு இன்ஜின் வாங்கினேன். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சூடான இன்ஜினில் இந்தக் கசிவு எளிதில் தெரியாது. அதனால் ராத்திரி முழுக்க ஆறிய வண்டியை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். முதல் நிமிடத்தில் இன்ஜின் மேல்பக்கம் 'சுக் சுக்' என்று காற்று தள்ளுகிறதா? ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கிறதா? இரண்டும் இல்லாவிட்டாலும் சம்ப்பைக் கழற்றி வலையைப் பாருங்கள். வாங்கியதும் வாஷர்களை மாற்றுங்கள். விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்.

தம்பியோடு மறுநாள் ஐந்தரைக்கே போனோம். புகை அடித்தது. சம்ப்பைத் தொட விற்பவர் விடவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

டைமிங் பெல்ட்

இன்ஜின் வால்வுகளை ஓட்டும் இந்தப் பெல்ட்டை மாற்றிய ரசீது இல்லையா? மாற்றிவிடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே வருவது

கியரைக் குறையுங்கள்.

டிரெய்லர் எடையைக் கண்ணால் அளப்பது

தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு நீங்கள் ஏற்றிய பாரம் முக்கியமில்லை, டிரெய்லர் தகட்டில் அடித்திருக்கும் மொத்த எடைதான் கணக்கு. அது 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கே பிரேக் வேண்டும், லைசன்ஸும் ஈபி (EB, கனமான டிரெய்லர் இழுக்கும் வகை) ஆக இருக்கவேண்டும். தம்பியிடம் பி (B, சாதாரண வண்டி லைசன்ஸ்) மட்டும்தான் இருக்கிறது. டெஸ்டுக்குப் பதியச் சொல்லியிருக்கிறேன்.