மிதக்கும் தரைக்கு அடியில் ஹீட்டிங் குழாய்களை மறைப்பது எப்படி?

வெந்நீர் பாய்லரிலிருந்து அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குச் சுவரோரமாக ஓடும் குழாய்களை எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கண்ணில் உறுத்தத்தான் செய்யும். தளத்தின் மேல் வெப்பக்காப்பு அட்டை விரித்து மரப்பலகைத் தரை போடுவதாக இருந்தால், குழாய்களையும் அதற்குள்ளேயே கொண்டுபோய்விடலாம். ஆனால் பலகை ஒட்டியபின் குழாயைத் தொட வேண்டுமென்றால் தரையை அறுக்க வேண்டும். அதனால் வேலையின் பெரும்பகுதி மூடுவதற்கு முன்னால்தான்.

மிதக்கும் தரை என்றால் எதிலும் ஆணி அடிக்காமல், தன் எடையிலேயே படுத்திருக்கும் தரை. கீழிருந்து மேலாக: கான்கிரீட் தளம், ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் ஷீட், வெப்பக்காப்பு அட்டை, மெல்லிய பாலித்தீன் ஒன்று, அதன்மேல் பலகை. தரையையே சூடாக்கும் முறை வேறு. இங்கே குழாயின் சூடு ரேடியேட்டருக்குப் போய்ச் சேர வேண்டும், வழியிலேயே தரைக்குப் போய்விடக் கூடாது.

உயரக் கணக்கு

அட்டையை ஒரே கனத்தில் போடாமல் இரண்டு அடுக்காகப் போடுங்கள். கீழே 25 மி.மீ., மேலே 40 மி.மீ. கீழ் அடுக்கை வெட்டவே வேண்டாம். மேல் அடுக்கில் மட்டும் குழாய்க்கு வழி விட்டால் போதும். ஆழம் பார்த்துப் பள்ளம் தோண்டும் தொல்லையும் இல்லை, குழாய்க்கு அடியிலும் காப்பு இருக்கும். 15 மி.மீ. குழாய்க்கு 9 மி.மீ. கன நுரை உறை போட்டால் மொத்தம் 33 மி.மீ.; 40-க்குள் தாராளமாக அடங்கும். 22 மி.மீ. குழாய் என்றால் உறையோடு சரியாக 40 ஆகிவிடும், பலகையில் உரசும். அப்போது மேல் அடுக்கு 50 மி.மீ. வேண்டும்.

18 மி.மீ. பலகையும் சேர்த்தால் தரை 83 மி.மீ. உயரும். கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும். மாடிப்படி அந்த அறையிலிருந்து தொடங்கினால் முதல் படி மட்டும் குட்டையாகிவிடும், கால் தடுக்கும். இது ஒத்துவராவிட்டால் இந்த வேலையையே எடுக்க வேண்டாம்.

எந்தக் குழாய்?

ஆக்சிஜன் புகாத தடுப்பு அடுக்கு உள்ள பிளாஸ்டிக் குழாயைத்தான் நான் சொல்வேன். சுருளாக வருவதால் ரேடியேட்டர் வரை ஒரே துண்டாக இழுக்கலாம். தரைக்கு அடியில் ஒரு ஜாயின்ட்கூட இருக்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் தலையாய விதி. தடுப்பு அடுக்கு இல்லாத குழாயில் ஆக்சிஜன் மெல்லக் கசிந்து, ரேடியேட்டரின் இரும்பு அரித்துக் கறுப்புச் சேறு சேரும். பாய்லரை ஒட்டிய முதல் ஒரு மீட்டராவது செம்பாக இருக்கட்டும். அந்த இணைப்பையும் எரிவாயு வேலையையும் உரிமம் உள்ளவரிடமே விட்டுவிடுங்கள்.

விரிப்பது

தளத்தைக் கூட்டிப் பெருக்கி, நீளமான மட்டப்பலகை வைத்து மேடு பள்ளம் பாருங்கள். மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்புங்கள். பிறகு 300 மைக்ரான் பாலித்தீன் ஷீட். ஒன்றன்மேல் ஒன்று 150 மி.மீ. ஏறி, டேப் ஒட்டி, சுவரிலும் சற்று மேலேறி நிற்க வேண்டும். அதன்மேல் கீழ் அடுக்கு அட்டை.

அப்புறம் குழாயின் பாதையைச் சாக்பீஸால் கோடு போட்டு, மேல் அடுக்கை இருபக்கமும் வெட்டிப் பதியுங்கள். வழியின் அகலம் 50 மி.மீ. போதும், ரொம்ப அகலமானால் மேலே பலகைக்குத் தாங்கல் இருக்காது. போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் தனித்தனி வழியில், நடுவே 100 மி.மீ. அட்டை விட்டுக் கொண்டுபோங்கள்.

சூடேறினால் குழாய் நீளும். செம்பே 60 டிகிரி ஏற்றத்தில் மீட்டருக்குச் சுமார் ஒரு மி.மீ. நீளும், பிளாஸ்டிக் அதைவிடப் பல மடங்கு. அதனால் குழாயை விறைப்பாக இழுக்காமல் லேசாக நெளியவிட்டு வையுங்கள். திருப்பங்களில் வழியைக் கூடுதலாக வெட்டி, நகர இடம் கொடுங்கள். இடம் இல்லாவிட்டால் ஹீட்டர் போட்டதும் தரைக்கு அடியில் டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: மின்வயரையும் இதே வழியில் விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். வெப்பக்காப்பு அட்டை தெர்மாகோலாக இருந்து, பிவிசி வயர் அதில் நேரடியாகப் பட்டிருந்தால் நாளடைவில் வயரின் உறை இறுகி உடையும். பக்கத்தில் சூடு வேறு.

சோதனை

பாய்லரோடு உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு, குழாயில் நீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுங்கள். சாதாரணமாக ஓடும் அழுத்தம் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு). சோதனை அதைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். குழாய்த் தயாரிப்பாளர் அதிகம் சொல்லியிருந்தால் அதையே வையுங்கள். பிளாஸ்டிக் குழாய் முதலில் கொஞ்சம் உப்பும், அழுத்தமானியின் முள் இறங்கும். பதற வேண்டாம், மறுபடி ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். அதன்பிறகும் முள் இறங்கினால் கசிவுதான். ரேடியேட்டர் வால்வுப் பக்கத்து இணைப்புகளில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்தால் ஒரு சொட்டு ஈரம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, முள் நின்றுவிட்டது. மூடுவதற்கு முன் அளவு டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து குழாய் எவ்வளவு தூரம் என்பது தெரிகிற மாதிரி அறை முழுவதும் படம் எடுங்கள்.

பலகை

அட்டையின்மேல் மெல்லிய பாலித்தீனை விரித்து, ஈரம் தாங்கும் பார்ட்டிகிள் போர்டைப் பதியுங்கள். பலகைகளை முந்தைய நாளே அந்த அறையில் கிடத்திவிடுவது நல்லது. பலகை ஓரத்தின் பள்ளத்திலும் அதில் பொருந்தும் நாக்கிலும் நீர் தாங்கும் மரப்பசை பூசித் தட்டி இறுக்குங்கள். நீளவாக்கு இணைப்பு குழாய்வழிக்கு நேர்மேலே வராதபடி பாருங்கள். சுவரைச் சுற்றி 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட ஆப்பு வையுங்கள்.

குழாய் மேலே வரும் இடத்தில் துளையைப் பெரிதாகப் போடுங்கள். மேலே ஒரு வளையம் மாட்டினால் துளை தெரியாது. பசை ஒரு நாள் காய்ந்ததும் ஆப்பை எடுத்துவிட்டு, இடைவெளியை ஸ்கர்ட்டிங் கட்டையால் மறையுங்கள். கட்டையைச் சுவரில் மட்டும்தான் அடிக்க வேண்டும், பலகையில் ஆணி இறங்கக் கூடாது.